காட்ஃபாதரா, பாரிஸ் டெக்சாஸா? ஹாரி டீன் ஸ்டாண்டன் படங்களை வரிசைப்படுத்தும் கணக்கு

ஹாலிவுட் குணச்சித்திர நடிகர் ஹாரி டீன் ஸ்டாண்டன் நடித்ததில் சிறந்த படம் எது? ரசிகர்கள் இணையத்தில் போடும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் 'தி காட்ஃபாதர் 2' உச்சியில் போய் உட்காரும். வசூலைப் பார்த்து அடுக்கினால் 'தி அவெஞ்சர்ஸ்'. முதல் படத்தில் அவர் சாட்சிக்குக் காவல் இருக்கும் எஃப்.பி.ஐ. ஆள். இரண்டாவதில் இடிபாட்டுக்குள் விழுந்து கிடக்கும் ஹல்க்கிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகும் செக்யூரிட்டி. இரண்டு இடத்திலும் வேறொருவரை நிறுத்தியிருந்தால் படத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

2026 ஜூலை 14 அவருடைய நூற்றாண்டு. அவர் படங்களைத் தேடிப் பார்க்க நினைப்பவர்களுக்குக் கிடைக்கும் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதற்கு ரசனை வேறுபாடு மட்டும் காரணம் இல்லை. குணச்சித்திர நடிகரின் படங்களை நாயக நடிகரின் படங்களைப் போலவே வரிசைப்படுத்துவதுதான் அடிப்படைக் கோளாறு.

யார் இவர்?

1926-இல் கென்டக்கி மாநிலத்தின் வெஸ்ட் இர்வைனில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றில் சமையல்காரராக இருந்தார்; ஒகினாவா போரின்போது அங்கே இருந்தவர். கென்டக்கி பல்கலைக்கழகம், பிறகு கலிபோர்னியாவின் பாசடீனா பிளேஹவுஸ் நாடகப் பயிற்சி. 'கன்ஸ்மோக்', 'ராஹைட்' போன்ற தொலைக்காட்சி கௌபாய் தொடர்களில் தலைகாட்டியபடி சினிமாவுக்குள் வந்தார். நூறுக்கும் மேற்பட்ட படங்கள். ஆஸ்கர் பரிந்துரை ஒருமுறைகூட இல்லை. 2017 செப்டம்பர் 15 அன்று 91 வயதில் மறைந்தார்.

நாயக நடிகருக்கு வரும் கதை அவரைச் சுற்றி எழுதப்பட்டது. படம் தேறினால் அதில் அவர் பங்கு பெரியது, தேறாவிட்டால் பழியும் அவருக்கே. அதனால் அவர் படங்களைத் தரப்படுத்தினாலே அவர் வேலையையும் ஏறத்தாழ தரப்படுத்தியதாகிவிடும். குணச்சித்திர நடிகருக்கு அப்படி இல்லை. மெக்கானிக், பாதிரியார், வேலையில்லாத அப்பா, திருந்திய திருடன் என்று யாரோ ஒருவராக அவர் வேறொருவர் கதைக்குள் வந்து போகிறார். மகத்தான படத்தில் ஒரு நிமிடம், சுமாரான படத்தில் இருபது நிமிடம் என்று வேலை சிதறிக் கிடக்கும். படத்தின் தரமும் அவர் வேலையின் தரமும் இங்கே தனித்தனிச் சங்கதிகள்.

இணைய மதிப்பெண்கள் எதை அளக்கின்றன?

1. விமர்சனங்களைத் தொகுக்கும் தளமான ராட்டன் டொமேட்டோஸின் சதவீதம். எத்தனை விமர்சகர்கள் 'பார்க்கலாம்' என்றார்கள் என்ற விகிதம் மட்டுமே இது. நூறு பேரும் பத்துக்கு ஆறு கொடுத்தால் நூறு சதவீதம் வந்துவிடும். தொண்ணூறு பேர் பத்துக்குப் பத்து கொடுத்து, பத்துப் பேருக்குப் பிடிக்காமல் போனால் தொண்ணூறுதான். எவ்வளவு பிடித்தது என்பது இந்த எண்ணில் இல்லை.

2. அதேபோன்ற இன்னொரு தளமான மெட்டாகிரிட்டிக்கின் எண். ஒவ்வொரு விமர்சனத்தையும் நூற்றுக்கு இவ்வளவு என்று மாற்றி எடுக்கும் சராசரி. சில விமர்சகர்களுக்குக் கூடுதல் எடை உண்டு. பழைய படங்களுக்கு விமர்சன எண்ணிக்கை குறைவு என்பதால் ஒரேயொரு கடுமையான விமர்சனம்கூட எண்ணைச் சட்டென இறக்கிவிடும்.

3. திரைப்படத் தகவல் தளமான ஐ.எம்.டி.பி.யின் ரசிகர் வாக்கு. தரவரிசைக்கு வரும்போது வெறும் சராசரியை அப்படியே எடுப்பதில்லை. வாக்கு குறைந்த படத்தைப் பொதுச் சராசரியை நோக்கி இழுக்கும் சூத்திரம் ஒன்று உண்டு. எல்லாப் படங்களின் சராசரி 7, குறைந்தபட்ச வாக்கு 25,000 என்று வைத்துக்கொள்வோம். 2,000 பேர் சேர்ந்து 8 கொடுத்த படத்துக்குச் சூத்திரம் தரும் மதிப்பு சுமார் 7.07. பத்து லட்சம் பேர் அதே 8 கொடுத்தால் 7.98. அதாவது, ஒரே அளவு பிடித்த இரண்டு படங்களில் அதிகம் பேர் பார்த்தது மேலே ஏறிவிடும். சின்னப் படங்களில்தான் பெரிய வேடம் கிடைக்கிறது என்ற நிலையில் இருக்கும் நடிகருக்கு இது நேரடி நஷ்டம்.

மூன்று எண்களும் படத்தை அளக்கின்றன. நடிகரை அளப்பது ஒன்றுகூட இல்லை. இதைச் சொல்லாமல் 'ஸ்டாண்டனின் சிறந்த 20' என்று தலைப்பு போடும் பட்டியல், உண்மையில் அவர் எட்டிப் பார்த்த படங்களின் பட்டியல்.

எபெர்ட்டின் விதி எங்கே உதவும், எங்கே உதவாது

சிகாகோ விமர்சகர் ரோஜர் எபெர்ட் 'ஸ்டாண்டன்-வால்ஷ் விதி' என்று ஒன்றை எழுதினார். ஹாரி டீன் ஸ்டாண்டனோ, இன்னொரு குணச்சித்திர நடிகரான எம். எம்மெட் வால்ஷோ துணை வேடத்தில் இருக்கும் எந்தப் படமும் முழுக்க மோசமாக இருக்க முடியாது என்பதே அது. பின்னாளில் 'ட்ரீம் எ லிட்டில் ட்ரீம்' (1989) அந்த விதியைத் தெளிவாக மீறிவிட்டது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

இந்த விதியைத் தரவரிசைக்கான அளவுகோலாகப் பிடித்துக்கொள்பவர்கள் உண்டு. அது சொல்வது தரை எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான்: இவர் இருந்தால் படம் இதற்குக் கீழே போகாது. கூரை எங்கே என்று அது சொல்லவில்லை. விதிக்குக் காரணம் எளிமையானது. ஸ்டாண்டனைக் கூப்பிடத் தெரிந்த இயக்குநருக்குச் சின்ன வேடத்திலும் அக்கறை இருக்கிறது. அந்த அக்கறை படத்தின் மற்ற மூலைகளிலும் தெரியும். படம் தேர்வு செய்ய நல்ல வழிகாட்டி, வரிசைப்படுத்தப் பயன்படாது.

கூட்டலை விட்டுப் பெருக்கலுக்கு வருவோம்

இரண்டு மதிப்பெண் தேவை. படத்துக்குப் பத்துக்கு இவ்வளவு. அதில் அவர் பங்குக்குப் பத்துக்கு இவ்வளவு. பங்குக்குப் போடும்போது அளவை முதலிலேயே நிறுத்திக்கொள்வது நல்லது:

- 1: யார் வேண்டுமானாலும் வந்து போகலாம்
- 3: ஒரு காட்சி நினைவில் நிற்கிறது
- 5: அவர் இல்லாமல் கதை நகராது
- 7: அவர் வந்ததும் படத்தின் போக்கே மாறுகிறது
- 10: அவரே படம்

இந்த இரண்டையும் கூட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. கூட்டினால் ஸ்டாண்டன் நடிக்கவே இல்லாத ஒரு பத்து மதிப்பெண் படத்துக்கும் பத்து கிடைத்துவிடும். ஜான் கார்பென்டரின் 'கிறிஸ்டீன்' (1983) படத்துக்கு என் கணக்கு ஆறு, அதில் துப்பறியும் அதிகாரியாக வரும் ஸ்டாண்டனின் பங்குக்கு மூன்று, கூட்டினால் ஒன்பது. நடிக்காத படம் நடித்த படத்தை முந்திவிடுகிறது. பெருக்கினால் இந்த அபத்தம் நீங்கும்: நடிக்காததற்குப் பூஜ்யம், 'கிறிஸ்டீனு'க்கு 18. 'காட்ஃபாதர் 2' பத்துக்குப் பத்து வாங்கிய படம், பங்கு ஒன்று, ஆக 10. 'அவெஞ்சர்ஸ்' 7.

அதே 'காட்ஃபாதர் 2', அதில் ஃப்ரெடோவாக நடித்த ஜான் கசாலுக்கு என்றால் கதை வேறு. கசால் நடித்தது ஐந்தே முழுநீளப் படங்கள், ஐந்தும் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றவை. படத்தின் மதிப்பெண் அவருக்கு எங்கும் ஒன்பது பத்தாகவே இருக்கும். பங்குதான் வரிசையைத் தீர்மானிக்கும். ஃப்ரெடோ வேடத்துக்கு ஒன்பது போட்டால் 90.

ஒரு எச்சரிக்கை. பங்கைத் திரையில் இருக்கும் நிமிடங்களால் அளந்தால் பெருக்கல் கணக்கும் பாழ். டேவிட் லிஞ்சின் 'தி ஸ்ட்ரெயிட் ஸ்டோரி' (1999) இதற்குச் சரியான சோதனை. ரிச்சர்ட் ஃபார்ன்ஸ்வொர்த் நடிக்கும் ஆல்வின் என்ற முதியவர், பேச்சுவார்த்தை அறுந்துபோன சகோதரர் லைல் நோயில் விழுந்த சேதி கேட்டு, புல்வெட்டும் சிறு டிராக்டரில் அயோவாவிலிருந்து விஸ்கான்சினுக்கு நூற்றுக்கணக்கான மைல் போகிறார். லைலாக ஸ்டாண்டன் வருவது கடைசிக் காட்சியில் மட்டும். நடைச்சட்டத்தைப் பிடித்தபடி மெல்ல வாசலுக்கு வந்து உட்கார்கிறார். ஆல்வினைப் பார்க்கிறார். டிராக்டரையும் பின்னால் கோத்த வண்டியையும் பார்க்கிறார். இதிலேயா இவ்வளவு தூரம் என்னைப் பார்க்க வந்தாய் என்ற பொருளில் ஒரே கேள்வி. கண் கலங்குகிறது, அதை அவர் மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. படம் முழுக்கப் பெயராக மட்டும் இருந்த ஆளுக்கு அந்த முகம் பொருந்தாமல் போயிருந்தால் அத்தனை மைலும் வீண். நிமிடக் கணக்கில் ஒன்று கிடைக்கும் வேடத்துக்கு ஆறு போடத் தயங்கக்கூடாது.

பட்டியல்

அடைப்புக்குறிக்குள் முதலில் படம், பிறகு பங்கு, கடைசியில் பெருக்குத்தொகை.

*1. பாரிஸ், டெக்சாஸ் – 1984 (10, 10, 100)*

விம் வெண்டர்ஸ் இயக்கம், சாம் ஷெப்பர்ட் எழுத்து, ராபி முல்லர் ஒளிப்பதிவு, ரை கூடர் இசை. கான் விழாவின் தங்கப்பனை விருது. படப்பிடிப்பின்போது ஸ்டாண்டனுக்கு 57 வயது. கதையின் மையமான நாயகனாக வந்தது அப்போதுதான்.

சிவப்புத் தொப்பி, அழுக்கேறிய கோட், பாலைவனம். டிராவிஸ் என்ற அந்த ஆள் படத்தின் முதல் இருபத்தைந்து நிமிடங்களுக்கு வாயே திறப்பதில்லை. மற்றவர்கள் பேசுகிறார்கள், அவர் நடக்கிறார். வசனமில்லாமல் இவ்வளவு நேரம் நம்மைப் பிடித்து வைக்க, பல வருடங்கள் அடுத்தவர் வசனத்தைக் கேட்டுக்கொண்டு சட்டகத்தின் ஓரத்தில் நின்ற பழக்கம் வேண்டும். ஸ்டாண்டனிடம் அது இருந்தது.

கண்ணாடித் தடுப்பு வைத்த அறையில் மனைவியைச் சந்திக்கும் காட்சியைத் தனியாகவே பார்க்கலாம். அவர் அவளைப் பார்க்க முடியும், அவள் அவரைப் பார்க்க முடியாது, இடையில் தொலைபேசி. நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டு, தங்கள் இருவரின் கதையை யாரோ தெரிந்தவர்கள் கதை போலச் சொல்லத் தொடங்குகிறார். குரலை ஏற்றுவதில்லை, எரிந்துபோன வீட்டைப் பற்றிச் சொல்லும்போதும் அதே சுருதி. பார்க்க முடிந்தவன் பார்க்காமல் இருப்பது அவன் தனக்குக் கொடுத்துக்கொள்ளும் தண்டனை என்று வசனம் சொல்வதில்லை, அந்த முதுகு சொல்கிறது.

*2. லக்கி – 2017 (8, 10, 80)*

ஜான் கரோல் லிஞ்ச் இயக்கிய படம், ஸ்டாண்டன் மறைந்து இரண்டே வாரத்தில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. பாலைவன ஊரில் தனியே வாழும் தொண்ணூறு வயதுக்காரர்: காலை உடற்பயிற்சி, சிகரெட், குறுக்கெழுத்து, மாலையில் பார். ஒருநாள் காரணமில்லாமல் மயங்கி விழுகிறார்; உடம்பில் நோய் இல்லை, வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்கிறார் மருத்துவர். பிறந்தநாள் விருந்தொன்றில் யாரும் கேட்காமலே எழுந்து 'வோல்வேர் வோல்வேர்' என்ற ஸ்பானியப் பாடலைப் பாடுகிறார். கூட்டம் மெல்ல அமைதியாகிறது. 'ஏலியனி'ல் உடன் நடித்த டாம் ஸ்கெரிட் போர் நினைவு பேசும் ஒரு காட்சியில் வருவது தெரிந்தவர்களுக்குக் கூடுதல் விருந்து. மறைவை ஒட்டி வந்த படம் என்பதால் அனுதாபத்தில் இதற்குப் பத்து போடுபவர்கள் அதிகம். பார் உரையாடல்கள் சில, எழுதியது தெரியும்படி இருக்கின்றன, எட்டே நியாயம்.

*3. ரெப்போ மேன் – 1984 (9, 8, 72)*

அலெக்ஸ் காக்ஸின் முதல் முழுநீளப் படம். கார் கடனுக்குத் தவணை கட்டாதவர்களின் வண்டியைத் தூக்கிவரும் தொழில். அதில் பழம் தின்று கொட்டை போட்ட பட் என்பவராக ஸ்டாண்டன். எமிலியோ எஸ்டவெஸ் நடிக்கும் பையனுக்குத் தொழில் தர்மம் கற்றுக்கொடுக்கிறார்: வண்டிக்கோ அதில் இருக்கும் பொருளுக்கோ சேதம் வரக்கூடாது. சிரிக்க வேண்டிய வசனம், ஆனால் அவர் அதை வேதம் போலச் சொல்வதால்தான் சிரிப்பு வருகிறது. இதற்கும் ராபி முல்லர்தான் ஒளிப்பதிவு. ஒரே ஆண்டில், ஒரே கேமராக்காரர் முன்னால், வாய் ஓயாத பட், வாய் திறக்காத டிராவிஸ். இரண்டையும் அடுத்தடுத்து பார்த்தால் 'எப்போதும் ஒரே மாதிரி நடிப்பவர்' என்ற பேச்சு அடங்கிவிடும்.

*4. ஸ்ட்ரெயிட் டைம் – 1978 (9, 7, 63)*

டஸ்டின் ஹாஃப்மன் சிறையிலிருந்து வெளியே வந்த திருடன். ஸ்டாண்டன் அவனுடைய பழைய கூட்டாளி ஜெர்ரி. இப்போது நீச்சல்குளம் வைத்த வீடு, மனைவி, ஒழுங்கான வாழ்க்கை. நண்பனுக்கு விருந்து வைக்கிறார். மனைவி உள்ளே போன அடுத்த கணம், என்னை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விடு என்று நண்பனிடம் கெஞ்சுகிறார். நகைக்கடைக் கொள்ளையில் நேரம் பார்க்கும் வேலை அவருக்கு. நேரமாகிவிட்டது என்று அவர் சொல்லச் சொல்ல, ஹாஃப்மன் கண்ணாடிப் பெட்டிகளை உடைத்துக்கொண்டே இருக்கிறார். அந்தக் காட்சியின் பதற்றம் முழுதும் ஸ்டாண்டனின் குரலில் இருக்கிறது. இதுவரை போதிய அளவு பேசப்படாத வேடம் இது.

*5. ஏலியன் – 1979 (10, 6, 60)*

விண்கலத்தின் எஞ்சின் அறை ஊழியர் பிரெட். தலையில் தொப்பி, பூப்போட்ட சட்டை, போனஸில் தங்களுக்குப் பங்கு குறைவு என்ற புகார், எதற்கும் 'ரைட்' என்ற ஒற்றைப் பதில். பூனையைத் தேடிப் போகிறார். சங்கிலிகள் தொங்கும் கூடம், மேலிருந்து சொட்டும் தண்ணீர். தொப்பியைக் கழற்றி முகத்தில் தண்ணீர் விழ விட்டு ஒரு கணம் நிற்கிறார். வேலைக்கு நடுவே களைத்த தொழிலாளி எடுத்துக்கொள்ளும் ஓய்வு அது. அந்த ஓய்வு நிஜமாக இருப்பதால்தான் அடுத்து வரும் கொலை நடுக்குகிறது. ஜாக் நிக்கல்சன் அவருக்கு முன்பு ஒருமுறை சொன்ன யோசனை, நீ எதுவும் செய்யாதே, உடையே பாத்திரத்தை நடிக்கட்டும் என்பது. அதற்கு இந்தத் தொப்பியைவிட நல்ல சான்று இல்லை.

*6 முதல் 10 வரை*

'வைஸ் பிளட்' (1979, 8, 7, 56) – ஜான் ஹூஸ்டன் படம், குருடனாக நடிக்கும் போலிப் பிரசங்கியார். அடுத்து மேலே சொன்ன 'தி ஸ்ட்ரெயிட் ஸ்டோரி' (9, 6, 54). 'பிரிட்டி இன் பிங்க்' (1986; 6, 7, 42) பதின்வயதுக் காதல் கதைதான், ஆனால் மனைவி விட்டுப்போனதிலிருந்து எழ முடியாத அப்பாவாக அவர் வரும் காட்சிகள் படத்தைவிட உயரமானவை. 'கூல் ஹேண்ட் லூக்' (1967; 9, 4, 36) – கிதாரோடு பாடும் கைதி. 'எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்' (1981, 7, 5, 35) – பிரெய்ன் என்ற தந்திரக்காரர்.

மரணதண்டனை ஒத்திகையில் மின்நாற்காலியில் உட்கார்ந்து கோமாளித்தனம் பண்ணும் 'தி கிரீன் மைல்' (1999) கைதி வேடத்தைப் பலர் முதல் ஐந்தில் வைப்பார்கள். நல்ல துணுக்கு, ஆனால் துணுக்குதான்: 7, 3, 21.

கணக்கு எங்கெல்லாம் பிசகும்?

1. பெயர். ஹாரி ஸ்டாண்டன் என்று வேறொரு நடிகர் இருந்ததால், ஆரம்பப் படங்களில் இவர் பெயர் டீன் ஸ்டாண்டன் என்றே வரும். 'கூல் ஹேண்ட் லூக்' அப்படித்தான். முழுப்பெயரை மட்டும் தேடினால் அறுபதுகள் கைநழுவும்.

2. பதிப்பு. 'ஏலியனி'ன் 2003 இயக்குநர் பதிப்பில், கூட்டுக்குள் சிக்கிய பிரெட்டையும் கேப்டனையும் நாயகி ரிப்ளி கண்டுபிடிக்கும் காட்சி உண்டு. 1979 திரையரங்கப் பதிப்பில் இல்லை. 'பாட் காரெட் அண்ட் பில்லி தி கிட்' (1973) படத்துக்கும் பல வெட்டுகள் உண்டு. எந்தப் பதிப்பைப் பார்த்தோம் என்று குறித்துவைக்காமல் பங்குக்கு மதிப்பெண் போடக்கூடாது.

3. வகை. 'பிக் லவ்' தொடரின் மதத் தலைவர் ரோமன் கிராண்ட் அபாரமான வேடம். ஆனால் பல சீசன் நீளும் தொடரையும் நூறு நிமிடப் படத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 'ராங்கோ' (2011) குரல் மட்டும். 'பார்ட்லி ஃபிக்ஷன்' (2012) அவரைப் பற்றிய ஆவணப்படம். மூன்றுக்கும் தனிப் பட்டியல் போட வேண்டும்.

வேறொரு நடிகருக்கு இதே கணக்கு

எபெர்ட் விதியின் இன்னொரு பாதியான எம். எம்மெட் வால்ஷ் 2024 மார்ச்சில் மறைந்தார். அவருக்கும் போட்டுப் பார்க்கலாம். கோயன் சகோதரர்களின் முதல் படமான 'பிளட் சிம்பிள்' (1984): வியர்வையும் மஞ்சள் கோட்டுமாக வரும் தனியார் துப்பறிவாளர், 9, 10, 90. 'பிளேடு ரன்னர்' (1982) காவல் அதிகாரி: படம் 10, பங்கு 4, ஆக 40.

'ஸ்ட்ரெயிட் டைம்' படத்தில் அவரும் இருக்கிறார். சிறையிலிருந்து வந்தவனைக் கண்காணிக்கும் பரோல் அதிகாரி. பேச்சில் கனிவு, கையில் விலங்கு. ஹாஃப்மன் பொறுக்க முடியாமல் நெடுஞ்சாலை ஓர வேலியில் அவரையே விலங்கிட்டு, கால்சட்டையை இறக்கிவிட்டுப் போகிறார். கதை அந்த இடத்தில்தான் திரும்புகிறது. பங்குக்கு ஒன்பது, ஆக 81. ஸ்டாண்டன் பட்டியலில் நான்காவதாக நிற்கும் படம் வால்ஷ் பட்டியலில் இரண்டாவது. இருவரையும் இதுவரை பார்க்காதவர்கள் தொடங்க ஏற்ற படமும் அதுவே. முதல் பாதியில் வால்ஷையும், நீச்சல்குள விருந்திலிருந்து ஸ்டாண்டனையும் கவனியுங்கள்.